கண்முன் பறக்கும் பூச்சிகள்

விழா மலர்களுக்கு விஞ்ஞானக் கட்டுரை எழுதப் புகுவோர் வானத்தையோ அணுவையோ பொருளாகக் கொள்ளுதல் பெருவழக்கு. நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் அத்துணைப் பெரிதன்று. கண்ணுக்குள் மிதக்கும் ஒரு நூலிழையே அது. ஆயினும், இம்மலரைக் கையிலேந்திப் பழைய குழுப்படங்களிலே தம் முகத்தைத் தேடப்போகும் பழைய மாணவரிற் பலர் ஐம்பதைக் கடந்தவர். சிலர் எழுபதையுங் கடந்தவர். அன்னார்க்கு இப்பொருள் இன்றோ நாளையோ நேரிலே தோன்றக் கூடியது. இன்று வகுப்பிலிருந்து பயிலும் மாணவரிலும் குறும்பார்வையுடையோர் சிலர் இதனை ஏற்கெனவே கண்டிருப்பர். அறிந்திருந்தால் அஞ்சவேண்டாத இடத்தில் அஞ்சாமலும், அஞ்சவேண்டிய இடத்தில் வாளாவிராமலும் இருக்கலாம். இக்கட்டுரையின் நோக்கம் அவ்வளவே.

மருத்துவப் பொருளைத் தமிழில் எழுதுதல் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர், மானிப்பாயிலே மேலை மருத்துவத்தைத் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே கற்பித்தும், நூல்களைத் தமிழாக்கியும் வழிகாட்டினார். அவ்வழியில் ஓரடியேனும் வைப்பது நம் கடன்.

பூச்சி எங்கே பறக்கிறது?

வெயில் நாளொன்றில் நீலவானத்தை அல்லது வெள்ளை பூசிய சுவரை நோக்கும்போது, சிறு புள்ளி, நூல், சிலந்திவலைத் துண்டு, புழு, வளையம் போன்ற வடிவங்கள் கண்முன் மிதந்து செல்வதைப் பலர் கண்டிருப்பர். பார்வையை அதன்மீது செலுத்தினால் அது விலகியோடும். கண்ணை நிறுத்தினால் அதுவும் மெல்ல வழுக்கிக்கொண்டு சென்று நிற்கும். கையால் விசிறினாற் போவதில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாலும் போவதில்லை. பழைய இலத்தீன் மருத்துவ நூலோர் இதற்குப் 'பறக்கும் ஈக்கள்' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். நம்மவரும் 'கண்ணிற் பூச்சி பறக்கிறது' என்பர். கடல்கள் பல இடையிட்ட இரு மக்கட் கூட்டத்தார் ஒரே காட்சிக்கு ஒரே உவமையைக் கண்டமை வியப்புக்குரியது. இக்கட்டுரையில் இவற்றை 'மிதவைகள்' என்று வழங்குவோம்.

பசியாலோ இளைப்பாலோ சட்டென்று எழுந்து நிற்கையிற் கண் இருண்டு புள்ளிகள் பறப்பதும் உண்டு. அதனையும் மக்கள் பூச்சி பறத்தல் என்றே சொல்வர். அஃது இரத்தவோட்டம் கணப்பொழுது குறைவதால் இரு கண்ணிலும் தோன்றிச் சில நொடியில் மறைவது. நாம் பேசும் மிதவையோ கண்ணின் உள்ளேயே உள்ள பொருள்; நாள்தோறும் அதே வடிவத்தோடு வந்து நிற்பது.

அது யாதென அறிவதற்குக் கண்ணின் அமைப்பைச் சிறிது நினைவுகூர்தல் வேண்டும். கண்ணை ஒரு கமராவுக்கு ஒப்பிடுதல் பாடநூல் வழக்கு. முன்னே ஒளி புகும் கண்மணி. அதன் பின்னே வில்லை. பின்சுவரின் உட்புறம் முழுவதும் மெல்லிய தாள்போல் ஒட்டியிருக்கும் விழித்திரை. வில்லைக்கும் விழித்திரைக்கும் இடைப்பட்ட பெருவெளியை நிரப்பியிருப்பது கண்ணாடியுடனீர் எனப்படும் தெளிந்த பாகு. அதன் கனவளவு ஏறத்தாழ 4 மில்லிலீற்றர். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் நீர். எஞ்சிய சிறு பங்கிற் புரதநார்கள் மிக நுண்ணிய வலைபோற் பின்னி, அந்நீர் ஓடாதவாறு பிடித்து வைத்திருக்கின்றன.

நம் பனந்தோப்புகளின் நுங்கை இதற்கு உவமை சொல்லலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நுங்கு இளமையில் நீராக இருந்து, முதிர முதிர இறுகும். கண்ணின் பாகோ இளமையில் இறுகியிருந்து, வயது ஏற ஏற நீராகும். அவ்வாறு நீராகுங்கால், முன்னர் ஒழுங்காகப் பரவியிருந்த நார்கள் ஒன்றோடொன்று திரண்டு சிறு கட்டிகளாகவும் இழைகளாகவும் மிதக்கத் தொடங்குகின்றன. உள்ளே புகும் ஒளி அவற்றின்மேற் படுதலும், விழித்திரையில் அவற்றின் நிழல் விழுகின்றது. நாம் காண்பது பூச்சியன்று, நிழல்.

நிழலென்று கொண்டாற் பல ஐயங்கள் தாமே நீங்கும். உயரப் பறக்கும் பருந்தின் நிழல் முற்றத்தில் விழக் காணோம். தாழப் பறக்கும் காகத்தின் நிழலோ மணலிலே தெளிவாக ஓடும். அதுபோல விழித்திரையை அண்மித்து மிதக்கும் இழையே தெளிவாகத் தோன்றும். வில்லையை அடுத்து மிதப்பது தோன்றுவதில்லை. வெளிச்சம் மிகுந்த இடத்திற் கண்மணி ஊசித்துளைபோற் சுருங்குவதால் நிழலின் ஓரம் கூர்மையாகின்றது. ஆதலின் வானத்தையும், வெண்தாளையும், கணினித்திரையையும் நோக்குகையிலேயே மிதவை மிகுதியும் புலப்படும். கணினியோ கைத்தொலைபேசியோ அதனை உண்டாக்குவதில்லை. முன்னரே உள்ளதைக் காட்டிக்கொடுக்கின்றது. கண் திரும்பும்போது பாகும் அசைவதால், நாம் பிடிக்கப் போகுந்தோறும் நிழலும் ஓடிப்போகின்றது.

இளைஞர் சிலர் நீலவானை நோக்குகையில், மினுக்கும் சிறு ஒளித்துளிகள் வளைந்த பாதைகளில் விரைந்தோடுவதையுங் காண்பர். இது மிதவையன்று, விழித்திரையின் நுண்குழாய்களிலே வெண்குருதிக் கலங்கள் செல்லும் ஓட்டமே அவ்வாறு தோன்றுகின்றது. யாவர்க்கும் உரிய இயல்பு அது, நோயன்று.

பாகு விலகும் பருவம்

இதுகாறுஞ் சொன்னது மெல்ல மெல்ல நிகழும் மாற்றம். இனிச் சொல்வது ஒரு நாளில் நிகழ்வது. பாகு நீராகிச் சுருங்கிவரும்போது, ஒரு கட்டத்தில் அது விழித்திரையின் பின்பக்கத்தை விட்டுக் கழன்று முன்னோக்கி விலகும். பெரும்பாலார்க்கு இது ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட வயதில் நேரும். குறும்பார்வை மிகுந்தோர்க்கும், கண்புரை நீக்கிச் சத்திரசிகிச்சை பெற்றோர்க்கும், கண்ணில் அடிபட்டோர்க்கும் முன்னதாகவே நேரலாம். பலர் இதனை உணர்வதேயில்லை. வேறு சிலர்க்கோ ஒரு காலையிற் பெரிய வளையமொன்று அல்லது கொசுக்கூட்டம் போன்ற புள்ளிகள் திடீரெனக் கண்முன் தோன்றும். பார்வை நரம்பின் தலைப்பிற் பாகு வட்டமாக ஒட்டியிருந்த இடம் கழன்று வருவதாலேயே அவ்வளையம் உண்டாகின்றது.

இவ்வேளையில் ஓரக்கண்ணில் மின்னல் வெட்டுவதும் உண்டு; இருட்டில், கண்ணைத் திருப்பும்போது அது நன்கு தெரியும். விழித்திரைக்குத் தொடுகையும் தெரியாது, நோவும் தெரியாது; அதற்குத் தெரிந்த ஒரே மொழி ஒளி. எவ்வகையில் அதனைத் தூண்டினும் ஒளியென்றே அது மூளைக்கு அறிவிக்கும். கழன்றுவரும் பாகு விழித்திரையைப் பற்றி இழுக்குந்தோறும், அவ்விழுவையையே நாம் மின்னலாகக் காண்கின்றோம்.

பெரும்பாலோரிடத்து இக்கழற்சி தீங்கின்றி முடியும். ஆயினும் ஓர் இடர் உண்டு. மதிலில் ஒட்டிய பழைய விளம்பரத்தாளை உரித்துப் பார்த்தோர் அறிவர்: தாள் பெரும்பாலும் நேராக உரிந்து வரும், பசை மிகுந்த ஓரிடத்தில் மாத்திரம் சுவரின் சுண்ணச் சாந்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். அவ்வாறே பாகு இறுக ஒட்டியுள்ள இடமொன்றில் விழித்திரை கிழிபடலாம். புதிய மிதவையும் மின்னலுமாக வைத்தியரிடம் வருவோரில் ஏறத்தாழ ஏழுபேர்க்கு ஒருவரிடம் இத்தகைய கிழிவு காணப்படுவதாக ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டோர் கூறுவர். எஞ்சிய அறுவர்க்கும் அச்சமில்லை. ஆனால் அவ்வெழுவருள் தாம் யாரென்பதை ஒருவர் தாமாகவே அறிந்துகொள்ள வழியில்லை. இக்கட்டுரையின் உயிர்நிலை இவ்வொரு வாக்கியத்திலேயே உள்ளது.

கிழிவு உண்டானபின் நேர்வது யாது? நீராகிய பாகு அக்கிழிவின் வழியே விழித்திரையின் பின்னாற் புகும். சுவரிற் பூசிய வர்ணப்பூச்சு, வெடிப்பினூடே மழைநீர் புகப்புகக் குமிழ்த்துக் கழலுவதுபோல, விழித்திரை தன் அடித்தளத்தை விட்டுக் கழலத் தொடங்கும். ஒளியை உணரும் கலங்கள் தமக்குப் பின்னேயுள்ள குருதிப்படையிலிருந்தே ஊட்டம் பெறுவன. கழன்றபின் ஊட்டமின்றி அவை நலியும். முதலில் ஓரத்திலே கருநிழல் ஒன்று திரைச்சீலைபோல் தோன்றும். பின் நடுவை நோக்கிப் பரவும். கண்ணில் விழும் உருவம் தலைகீழாக இருத்தலின், விழித்திரையின் மேற்பகுதி கழன்றால் நிழல் கீழிருந்து எழும். கீழ்ப்பகுதி கழன்றால் மேலிருந்து இறங்கும். கழற்சி நடுவிலுள்ள கூர்நோக்குப் புள்ளியை அடையுமுன் மருந்து செய்தாற் பார்வை பெரும்பாலும் காக்கப்படும். அதனை அடைந்துவிட்டால், பின்னர் எத்துணைத் திறமையாக ஒட்டினும், எழுத்து வாசிக்கும் நுண்பார்வை முழுதாக மீளுதல் அரிது.

ஆண்டொன்றிற் பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்னும் அளவிலேயே விழித்திரைக் கழற்சி நேர்கின்றது. அருமையாக வருவது உண்மை. வந்தவர்க்கு அது முழுமையாக வந்ததே.

இரு நண்பர்

எம்மோடு ஒரே வாங்கிலிருந்து கற்ற நண்பர் இருவரின் கதையை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். இருவரும் கற்பித்து ஓய்வு பெற்றவர்கள். இருவரும் அறுபத்தைந்தை அண்மித்தவர்கள். பெயர் வேண்டியதில்லை.

முதல்வர் ஒருநாள் மாலை வாசித்துக்கொண்டிருக்கையில், நுளம்புக்கூட்டம் பறப்பதாக எண்ணிக் கையை விசிறினார். நுளம்பு போகவில்லை. இரவில் விளக்கணைத்தபின் வலக்கண்ணின் ஓரத்தில் மின்னல் கண்டார். வீட்டிற் பேரனுக்கு ஏடு தொடக்கும் நாள் குறித்திருந்தது. நோவோ சிவப்போ இல்லை. 'நோகாத கண்ணுக்கு வைத்தியம் எதற்கு? அடுத்த கிளினிக் நாளிற் காட்டலாம்' என்றிருந்தார். ஆறாம் நாள் மூக்கின் பக்கமாக ஒரு கருநிழலைக் கண்டும், மூக்குக்கண்ணாடி பழையதாகிவிட்டதென்று புதியது செய்விக்க எண்ணினார். ஒன்பதாம் நாள் இடக்கண்ணை மூடியபோது வலக்கண்ணால் எதிரில் நின்றவரின் முகம் தெரியவில்லை. சத்திரசிகிச்சை நடந்தது; விழித்திரையும் மீண்டு ஒட்டியது. ஆயினும் அக்கண்ணால் அவர் இன்று புதினப்பத்திரிகையின் தலைப்பை மாத்திரமே வாசிக்கின்றார்.

மற்றவர், இவரின் கதையைக் கேட்டிருந்தவர். மூன்றாண்டுகளின் பின் தமக்கும் அத்தகைய புள்ளிகள் தோன்றிய அன்றே புறப்பட்டுக் கண்வைத்தியரை அடைந்தார். சிறு கிழிவொன்று காணப்பட்டது. லேசர் ஒளியால் அதனைச் சூழப் பொசுக்கி அடைத்தனர். அன்று மாலையே வீடு திரும்பினார். இன்றும் ஒரு மிதவை அவரோடு கூடவே திரிகின்றது. பார்வையோ பழுதின்றி இருக்கின்றது. இருவர்க்கும் வந்த நோய் ஒன்றே. இடையில் நின்றவை ஒன்பது நாட்கள்.

மூத்தவர் தவறினார் என்று எவரும் அவரை நோகக்கூடாது. நோவு வந்தால் வைத்தியரை நாடுதல் என்பதே நாம் பிள்ளைமை முதற் கற்ற பாடம். இங்கு மாத்திரம் அப்பாடம் பொய்க்கின்றது. விழித்திரை கிழிந்தாலும் நோகாது, கழன்றாலும் நோகாது.

எப்பொழுது வைத்தியரை நாடுவது?

பல்லாண்டாக ஒன்றிரண்டு மிதவைகள் மாற்றமின்றி இருந்துவருமாயின் அவசரமில்லை. வழமையான கண்பரிசோதனையின்போது சொன்னாற் போதும். புதிதாகவொரு மிதவை தோன்றி வேறு குறியெதுவும் இல்லையாயினும், ஓரிரு நாட்களுள் கண்ணைக் காட்டுதல் நன்று. பின்வருவனவற்றுள் எதுவேனும் நேரின் அன்றைய தினமே செல்லவேண்டும்.

முதலாவது, மிதவைகள் திடீரெனப் பலவாகப் பெருகுதல். கரிப்பொடி தூவினாற்போலும், மைத்துளி நீரிற் கரைந்தாற்போலும், புகை படர்ந்தாற்போலும் தோன்றுதல். விழித்திரை கிழிகையிற் சிறு குருதிக்குழாய் அறுந்து சிந்திய இரத்தமாக அஃது இருக்கலாம்.

இரண்டாவது, ஒரு கண்ணின் ஓரத்திற் புதிதாக மின்னல் வெட்டுதல்.

மூன்றாவது, எப்பக்கத்திலேனும் திரையோ நிழலோ தோன்றி நில்லாது பரவுதல். இது தோன்றியபின் ஓர் இரவைக் கழிப்பதும் தகாது.

நான்காவது, பார்வை சட்டென்று மங்குதல், அல்லது நேர்கோடுகள் நெளிந்து தோன்றுதல்.

ஐந்தாவது, கண்ணில் அடிபட்டபின் மிதவையோ மின்னலோ தோன்றுதல். கிறிக்கெற் பந்தும் பூப்பந்தும் கண்ணிற் பட்ட மாணவர் வீக்கம் வற்றியதும் நலமென்று எண்ணுவர். வெளிவீக்கம் வற்றியபின்னும் உள்ளே விழித்திரையின் ஓரம் கிழிந்திருத்தல் கூடும். இதனை மாணவரும், விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியரும் மனங்கொள்ளல் வேண்டும்.

ஆறாவது, மிதவையோடு கண்சிவப்பு, நோவு, வெளிச்சத்திற் கூச்சம் ஆகியன சேருதல். இது கிழிவன்று, பெரும்பாலும் கண்ணினுள்ளே உண்டாகும் அழற்சி. இதற்கும் காலந்தாழ்த்தாது மருந்து வேண்டும்.

நீரிழிவுடையோர்க்குத் தனியே ஒரு சொல். அந்நோய் நாட்பட்டால் விழித்திரையில் வலுவற்ற புதுக் குருதிக்குழாய்கள் முளைத்து, அவை வெடித்துப் பாகினுட் குருதி சிந்தலாம். திடீரெனக் கரும்புகையோ சிலந்திவலையோ தோன்றின், அதனை வயதின் குணமென்று ஒதுக்குதல் ஆகாது. குறியெதுவும் இல்லாதிருக்கும்போதே ஆண்டுக்கொருமுறை கண்மணியை விரித்து விழித்திரையைச் சோதிப்பித்தல் அவர்க்குரிய கடமை.

குறும்பார்வை மிகுந்தோர், கண்புரைச் சத்திரசிகிச்சை பெற்றோர், முன்னொரு கண்ணில் விழித்திரை கழன்றோர், பெற்றார் உடன்பிறந்தார்க்கு அந்நோய் வந்தோர் ஆகிய நால்வகையினரும் ஏனையோரினும் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

மின்னலில் ஒருவகை மயக்கமும் உண்டு. கோட்டை மதில்போல் வளைந்து நெளிந்த ஒளிக்கோடு சிறிதாகத் தோன்றி விரிந்து, இருபது முப்பது நிமிடத்தில் மறைவது, இரு கண்ணையும் மூடினாலுந் தோன்றுவது, பெரும்பாலும் ஒற்றைத் தலைவலியைச் சேர்ந்தது. அதன் பிறப்பிடம் கண்ணன்று, மூளை. எனினும் முதியவர் ஒருவர்க்கு அது முதன்முறையாக வந்தால் வைத்தியரிடம் சொல்லவேண்டும். பார்வை மங்குதலோடு கைகால் சோர்வோ வாய்குழறலோ சேர்ந்தால் அது பாரிசவாதத்தின் குறியாகலாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

இரு கண்ணுந் திறந்திருக்கையில் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். எம் நண்பர்க்கு நேர்ந்ததும் அதுவே. ஆகையால் வாரமொருமுறையேனும் ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாது மூடிச் சுவர் நாட்காட்டியை நோக்குக; பின் மற்றக் கண்ணை மூடி நோக்குக. எண்கள் தெளிவாகவும், நான்கு மூலைகளும் முழுமையாகவும் தெரிகின்றனவா என்று காண்க. அரை நிமிட வேலை, செலவில்லை.

அங்கே நடைபெறுவது

யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும், கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலையிலும், ஏனைய பெரிய அரசாங்க வைத்தியசாலைகளிலும் கண்மருத்துவப் பிரிவுகள் உள்ளன; சிகிச்சை இலவசம். மேற்கூறிய குறிகள் தோன்றியோர் கிளினிக் தினத்துக்குக் காத்திராது அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லலாம். 'கண் தெரியவில்லை' என்று பொதுவாகக் கூறாது, எந்தக் கண், எப்பொழுது தொடங்கியது, மின்னல் உண்டா, நிழல் உண்டா, முன்னர் சத்திரசிகிச்சையோ அடியோ பட்டதுண்டா, நீரிழிவு உண்டா என்று முறையாகச் சொல்லல் வேண்டும். எழுத்துப்பலகையை வாசிப்பித்துப் பார்க்கும் சோதனை மாத்திரம் போதாது. விழித்திரையின் ஓரத்திற் கிழிவிருப்பவரும் கடைசி வரிவரை வாசித்துவிடுவர்.

துளிமருந்திட்டுக் கண்மணியை விரியச் செய்து, தலையில் அணிந்த விளக்கும் கையிலேந்திய வில்லையுங் கொண்டு, விழித்திரையை ஓரம்வரை வைத்தியர் நோக்குவார். வேண்டுமிடத்துக் கண்ணின் புறத்தை மெல்ல அழுத்தியும் பார்ப்பார். இரத்தம் மறைத்திருந்தால், செவிக்கெட்டா ஒலியலையாற் படம்பிடித்தும் அறிவார். துளிமருந்தின் பயனாகச் சில மணிநேரம் பார்வை மங்கிக் கூசும். ஆகவே மோட்டார் சைக்கிளைத் தாமே ஓட்டிச் செல்லாது, துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுதல் நன்று. அன்று கிழிவில்லையென்று தெரிந்தபின்னும், சில வாரங்களில் மீண்டும் வருமாறு கூறின் தவறாது செல்லவேண்டும். பாகு முற்றாகக் கழன்று முடியும்வரை கிழிவு பின்னரும் உண்டாகலாம்.

இவ்வசதிகள் எளிதில் வந்தனவல்ல. உயிருள்ள மனிதரின் விழித்திரையைக் காணுங் கருவியை ஜெர்மனிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். அதுவரை கண்மணி, எட்டிப்பார்க்க இயலாத கருங்கிணறாகவே இருந்தது. கண்டபின்னும் நெடுங்காலம் விழித்திரைக் கழற்சிக்கு மருந்தில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் அசையாது படுத்திருத்தலே மருந்தெனப்பட்டது. கழற்சிக்குக் காரணம் கிழிவே, கிழிவை அடைத்தாற் கழற்சி தீரும் என்று 1920களில் நிலைநாட்டியவர் சுவிற்சர்லாந்தின் லோசான் நகர வைத்தியர் யூல் கொனான். அக்காலத்தில் அவர் கூற்றை ஏற்றோர் சிலரே. பின்னர், 1945 ஆம் ஆண்டுச் சூரியகிரகணத்தை வெறுங்கண்ணால் நோக்கியோரின் விழித்திரையில் விழுந்த சுடுதழும்பைக் கண்ட ஜெர்மனிய வைத்தியர் மயர்-சுவிக்கராத், கெடுக்கும் ஒளியையே காக்கும் ஒளியாக மாற்றலாமென எண்ணி, சூரியவொளியைக் கண்ணாடிகளாற் செலுத்திக் கிழிவுகளை ஒட்டினார். இன்றைய லேசர் சிகிச்சைக்கு அதுவே முன்னோடி.

கழற்சி நேர்ந்துவிட்டால் கண்ணின் புறத்தே பட்டையிட்டு அழுத்தியோ, 1970களிலிருந்து வளர்ந்த முறைப்படி உள்ளேயுள்ள பாகையே அகற்றியோ, வாயுக்குமிழியை உட்செலுத்தியோ விழித்திரையை ஒட்டுவர். வாயு இட்டவர் வைத்தியர் சொல்லும் நிலையில் தலையை வைத்திருத்தல் வேண்டும். அது கரைந்துபோகும்வரை விமானத்திலேறுதலும் நுவரெலியா போன்ற உயர்ந்த இடங்களுக்குச் செல்லுதலும் ஆகா. உயரத்திற் காற்றழுத்தங் குறைய, குமிழி விரிந்து கண்ணைப் பாழாக்கும்.

எஞ்சிய மிதவைக்கு யாது செய்வது?

கிழிவில்லையென்று வைத்தியர் கூறியபின் எஞ்சியுள்ள மிதவைக்கு மருந்து வேண்டியதில்லை. வாரங்களும் மாதங்களும் செல்ல, அது பார்வைத்தடத்தை விட்டுக் கீழே தாழும். மூளையும் அதனைப் பொருட்படுத்தாதிருக்கப் பழகும். பள்ளிக்கூட மணிக்கூண்டின் அருகே குடியிருப்போர் மணியோசையைக் கேளாதிருக்கப் பழகுவதுபோன்றதே இதுவும். தொல்லை தந்தால் கண்ணை மேலும் கீழும் அசைத்து அதனை ஒதுக்கிவிடலாம். மிதவையைக் கரைக்கும் துளிமருந்தோ, குளிகையோ, கண்பயிற்சியோ இல்லை; உண்டென்று விற்போரிடம் பணத்தை இழத்தல் வேண்டாம். அன்றாட வாழ்வையே தடுக்குமளவு மிதவை அடர்ந்த சிலர்க்கு மாத்திரம் பாகை அகற்றுஞ் சத்திரசிகிச்சையும், லேசரால் அதனைச் சிதைக்கும் முறையும் உண்டு. அவற்றாற் கண்புரையும் கிழிவும் உண்டாதல் கூடுமாகையால் வைத்தியரோடு ஆராய்ந்தே துணிதல் வேண்டும். முலைப்பால், தேன், பூச்சாறு முதலியவற்றைக் கண்ணில் விடுதலோ தகவே தகாது. மிதவை உள்ளே இருப்பது. அவை அங்குச் செல்வதுமில்லை. வெளியே புண்ணும் கிருமியும் உண்டாக்குவதே அவற்றாற் பெறும் பயன்.

'கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம்' என்பது நம் முதுமொழி. இதைக் கூறிச் சென்றவரையே நோக்கி நகைப்பது நம் நோக்கமன்று. கண் கெடுமுன் தரப்படும் எச்சரிக்கை நோவாகவே வருமென்று காத்திருப்போர்க்கு, அது சில வேளைகளில் ஒரு சிறு நுளம்பாகவும் ஓரத்து மின்னலாகவும் வருமென்பதை நினைவூட்டுதலே நம் நோக்கம். ஆண்டுகள் பலவாக நம்மோடு மிதந்துவரும் பழைய நூலிழைக்கு அஞ்சாதிருப்போம். நேற்றில்லாதது இன்று தோன்றினால் அன்றைக்கே எழுந்து செல்வோம். இன்று இம்மலரிற் பழைய படங்களை மூக்குக்கண்ணாடியிட்டு நோக்கும் அன்பரெல்லாம், கல்லூரித் தாயின் அடுத்த விழா மலரையும் இரு கண்ணாலும் தாமே வாசிக்குமாறு இறைவன் திருவருள் கூட்டுவதாக.